சிறிய இடத்தில் கணிப்பொறியின் முதற்பாடம்

எழுத்தறியாப் பிள்ளையிடம் நூலொன்றைக் கொடுத்து, "இதைப் படித்து எழுத்தறிந்துகொள்" என்றால் அது என் செய்யும்? கணிப்பொறியின் தொடக்க நிலையும் இதுவே. மின்விசையை முடுக்கியவுடன் அதன் வேலை நினைவகம் வெறுமையாய் இருக்கும். நிரலை உள்ளே கொண்டுவருவதற்கே மற்றொரு நிரல் வேண்டும். அம்முதல் நிரலை எத்துணைச் சிறிய இடத்தில் அடக்குவது என்பது அறிஞர்களை நெடுங்காலம் வாட்டிய வினாவாகும்.

1949-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதற்குரிய தொடக்கக் கட்டளைகளை டேவிட் வீலர் என்பார் அமைத்தார். அவை மொத்தம் 31. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் இணைப்பிகளில் அவை கம்பியால் பொருத்தப்பட்டன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்துள் புகுந்து, துளையிட்ட தாள்நாடாவைப் படித்தன. நாடாவிலிருந்த எழுத்தையும் எண்ணையும் பொறியின் இரும எண்ணாக மாற்றும் பணியையும் அந்த 31 கட்டளைகளே செய்து முடித்தன.

ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் தனிமனிதர்க்கான கணிப்பொறியை வெளியிட்டபோதும் இந்த நெருக்கடி தீரவில்லை. வட்டின் முதற்கூறாகிய 512 பைட்டை மட்டுமே பொறி தானாக எடுத்துக் கொள்ளும். 1983-இல் வன்தட்டு சேர்ந்தபோது அவ்விடமும் பங்கு போடப்பட்டது. தட்டின் பகுதிகளைக் காட்டும் அட்டவணைக்கு 64 பைட்டு, அடையாளக் குறிக்கு 2 பைட்டு. கட்டளைகளுக்கு எஞ்சியது 446 பைட்டே.

இத்துணைச் சிறிய இடத்தில் இயக்குதளம் முழுவதையும் எழுப்ப இயலுமா? இயலாது. ஆகவே அந்நிரல் ஒரு பணியை மட்டுமே மேற்கொண்டது. அட்டவணையைப் பார்த்து, தொடங்கத்தக்க பகுதியைக் கண்டு, அதன் முதற்கூறை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தது. அடுத்து வருவதும் தான் இருந்த அதே இடத்தில்தான் அமர வேண்டும்; ஆதலால் முன்னதாகவே தன்னை வேறிடத்திற்குப் பெயர்த்துக் கொண்டது!

ஆயினும் இச்சிக்கனத்திற்கு விலையும் உண்டு. அட்டவணையில் நான்கு பகுதிகளுக்கு மேல் குறிக்க இடமில்லை. வந்த கட்டளை நல்லதா, தீயதா என்று உசாவவும் வழியில்லை. 1986-இல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டின் முதற்கூறிலேயே குடிபுகுந்தது. பொறியும் அதனை உரிய நிரலென்றே நம்பி இயக்கியது.

பின்னர் வந்த யூ.இ.எப்.ஐ. முறையில் தொடக்க நிரல் வட்டின் தனிப்பகுதியில் ஒரு கோப்பாக வைக்கப்படுகிறது. அதன் மின்கையொப்பத்தைச் சோதித்த பின்னரே இயக்கும் ஏற்பாடும் அதில் உண்டு.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு அந்த 446 பைட்டு தக்க சான்றாகும். எனினும், இடம் பெருகியபோது முதலில் கிடைத்த நற்பேறு வேகமன்று. வருவது யாரென்று கேட்டறியும் எச்சரிக்கையே ஆகும்.