பெருநாள் விடுமுறையும் உழைப்பு நேரமும்: இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

உழைப்பவரின் நேரம் யாருக்குரியது என்ற வினாவுக்கு ஒரு சமூகம் குறித்த ஒரு காலகட்டத்தில் அளிக்கும் விடையே விடுமுறை எனலாம். இலங்கையிற் சமய விடுமுறைகள் பெரும்பாலும் இன, மத உரிமைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. அவ்வுரிமைகள் எந்த வர்க்கத்தின் வாசல்வரை சென்று நின்றன என்பது போதியளவு ஆராயப்படவில்லை. முஸ்லிம் பெருநாட்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை நாம் இங்கு நோக்குவோம்.

விதைப்பும் அறுவடையும், கடற்காற்றும், தொழுகை அழைப்பும் நேரத்தை வகுத்த ஒரு சமுதாயத்தின்மீது, குடியேற்ற ஆட்சி மணிக்கூட்டையும் ஞாயிறை ஓய்வுநாளாகக் கொண்ட வாரத்தையும் சுமத்திற்று. துறைமுகம், வங்கி, கச்சேரி, பாடசாலை யாவும் இந்த வாரத்துக்கு அமையவே இயங்கின. எனவே சுதேச சமயங்களின் மறுமலர்ச்சி நாட்காட்டியையும் தனது போராட்டக் களங்களுள் ஒன்றாகக் கொண்டமை இயல்பானதே. 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாக்கப்பட்டமை இதன் முதற் பெரும் வெற்றியாகும்.

முஸ்லிம்களிடையேயும் இதே தசாப்தத்திலேயே புதிய விழிப்பு மேற்கிளம்பியது. சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவரது ‘அசன்பேயுடைய சரித்திரம்’ வெளிவந்தது. 1892இல் கொழும்பில் நிறுவப்பட்ட பாடசாலையே பின்னர் சாகிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர்நீதிமன்றில் தோன்றத் தடுக்கப்பட்டபோது, அதனை எதிர்த்துப் பரவலான கிளர்ச்சி எழுந்தது. இவ்வெழுச்சியின் முன்னணியில் நின்றோர் வணிகரும் சட்டத்தரணிகளும் கற்றோருமே. நீதிமன்றம், பாடசாலை, சட்டசபை என அவர்கள் கால்பதித்த நிறுவனங்களிலேயே சமய அடையாளத்துக்கான அங்கீகாரத்தையும் அவர்கள் கோரினர். கடைச் சிப்பந்தியின் வேலைநேரம் இக்கோரிக்கைகளின் மையத்துக்கு வரவில்லை. அக்கடைகளிற் பலவற்றின் உரிமையாளர் அவ்வணிக வர்க்கத்தினரே என்பதை மனங்கொள்ளின் இதன் காரணம் புலனாகும்.

சுதந்திரத்தின் பின்னரும் நாட்காட்டி அரசியலின் களமாகவே இருந்தது. 1966இல் சனி, ஞாயிறு ஓய்வுநாட்கள் நீக்கப்பட்டுப் போயா தினங்கள் வாராந்த விடுமுறையாக்கப்பட்டன; 1971இல் பழைய முறை மீண்டது. ஞாயிறுக்கும் போயாவுக்கும் இடையே நிகழ்ந்த இவ்விழுபறியில், வெள்ளிக்கிழமை இரு முறைகளின் கீழும் பொது ஓய்வுநாளாகவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கான நேரம் மேலதிகாரியிடமோ முதலாளியிடமோ பெறவேண்டிய சலுகையாகவே எஞ்சிற்று.

1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின் கீழ் அமையும் இன்றைய ஆண்டு அட்டவணையில் மூன்று முஸ்லிம் தினங்கள் உள்ளன: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மீலாதுன் நபி. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினரான முஸ்லிம்களுக்கு இஃது ஓர் அங்கீகாரமே. ஆனால் அட்டவணையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இன்னோர் உண்மை தெரியவரும். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பொது விடுமுறையும் வங்கி விடுமுறையும் ஆகும். வர்த்தக விடுமுறையாகக் குறிக்கப்படுவது மீலாதுன் நபி தினம் மாத்திரமே. அதாவது அரச உத்தியோகத்தரும் வங்கி ஊழியரும் இரு பெருநாட்களிலும் சம்பளத்துடன் வீட்டிலிருப்பர். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளியோ அந்நாட்களுக்குத் தமது சொந்த விடுப்பைச் செலவிடவேண்டும், அல்லது முதலாளியின் தயவை நாடவேண்டும். நாட்கூலி பெறுவோருக்கு அவ்விடுப்புமில்லை. பெருநாள் அவர்களுக்குக் கூலியற்ற நாள்.

நோன்பு மாதத்தில் இவ்வேறுபாடு மேலும் துலக்கமாகின்றது. தொழுகைக்கும் நோன்பு துறத்தலுக்கும் ஏற்பக் கடமை நேரத்தை ஒழுங்குசெய்யுமாறு அரச அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை செல்கின்றது. அரசாங்க முஸ்லிம் பாடசாலைகள் அம்மாதத்தில் மூடப்பட்டு, தமக்கெனத் தனியான தவணை ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. இவை மதிப்பிற்குரிய பேறுகளே. எனினும், சிங்களப் பாடசாலையிலோ தமிழ்ப் பாடசாலையிலோ பயிலும் முஸ்லிம் பிள்ளை நோன்புடனேயே வகுப்பில் அமர்ந்திருக்கின்றது.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆதலால் நோன்பு மாதம் சுமார் 33 ஆண்டுகளிற் பருவங்கள் யாவற்றையும் சுற்றி வருகின்றது. 2025இல் அது மார்ச் மாதத்தில் அமைந்தபோது, கிழக்கின் வயல்களில் பெரும்போக அறுவடைக் காலத்தைத் தொட்டது. அறுவடை பிறைக்காகக் காத்திராது. அவ்வயலிற் கூலிக்கு உழைப்பவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் நேரத்தைக் குறைப்பதில்லை. நகரத்துப் புடைவைக் கடைகளிலோ பெருநாள் நெருங்க நெருங்க வேலைநேரம் நள்ளிரவை நோக்கி நீள்கின்றது. பிறர் பெருநாளுக்கென உடுக்கும் புத்தாடையை விற்பவரே தமது பெருநாளைக் களைப்புடன் எதிர்கொள்கின்றார். இவற்றோடு எந்த அட்டவணையும் காணாத உழைப்பொன்றும் உண்டு. பெருநாள் விடியலுக்கு முன் அடுப்பேற்றி, இரவுவரை விருந்தினரை உபசரிக்கும் பெண்ணுக்கு அந்நாளே ஆண்டின் நீண்ட வேலைநாளாகும்.

நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 பொது விடுமுறைகள் உள்ளன, இவை உற்பத்தியைப் பாதிக்கின்றன என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இவ்வாதம் விடுமுறைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகின்றது. அவற்றைச் சம்பளத்துடன் அனுபவிப்போரைக் கணக்கிடுவதில்லை. மறுபுறம், சமூகத் தலைமைகள் அட்டவணையிற் பெயர் இடம்பெற்றதையே நிறைவான வெற்றியாகக் கொள்கின்றன. இவ்விரு கருத்துநிலைகளும் ஒரே தொழிலாளியை மறைத்து விடுகின்றன.

வரலாறு வேறொரு வழியையும் காட்டியுள்ளது. மே தினம் 1956இல் விடுமுறையாக்கப்பட்டது. அது தொழிற்சங்கங்களின் நீண்டகாலப் போராட்டத்தின் பேறாகும். எம்மதத்தவராயினும் உழைப்போர் என்ற வகையில் கோரியதாலேயே அது கடைச் சிப்பந்தியையும் சென்றடைந்தது. பெருநாள் விடுமுறையும் அவ்வாறே கோரப்படல் வேண்டும். முஸ்லிம் கடைத் தொழிலாளியின் பெருநாளுக்காகச் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் குரல்கொடுக்கும்போதே, நாட்காட்டியில் ஒரு சமூகம் பெற்ற இடம் அச்சமூகத்தின் உழைப்பாளிக்கும் உரியதாகும்.