பாட்டிலுக்குப் பத்து ரூபாய்: கடை ஊழியரின் விலை மாற்றமும் கண்காணிப்பின் குருட்டுப் புள்ளியும்

கோடை விழா நாட்களில் ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் பொருள் வாங்குவோரில் பலர் மறுநாளே மலையிறங்கிவிடுபவர்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் கேட்டாலும் அவர்கள் நின்று வாதாடுவது அரிது. உள்ளூர்க்காரர் அப்படியல்ல, கேட்பார், அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். விலையைக் கண்காணிக்கும் முதல் ஆள் திரும்பி வரும் வாடிக்கையாளர்தான். சுற்றுலாத் தலங்களில் குறைவாக இருப்பதும் அவர்தான்.

சில்லறை விற்பனையில் ‘விலை மாற்றக் கண்காணிப்பு’ என்றால் பெரும்பாலும் பில் போடும் கணினியைக் கண்காணிப்பதுதான். சூப்பர் மார்க்கெட்டில் காசாளர் விலையைக் குறைத்தாலோ, தெரிந்தவருக்கு ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டாலோ முதலாளிக்கு நட்டம். அதனால்தான் மேலாளரின் கடவுச்சொல், யார் எத்தனை மணிக்கு விலையைத் திருத்தினார் என்ற பதிவு, கல்லாவுக்கு மேலே கேமரா எல்லாம் வந்தன. ஊழியர் விலையைக் கூட்டி வாங்கினால்? முதலாளிக்குப் போக வேண்டிய தொகை சரியாகப் போய்விடும். கணக்கும் சரக்கும் பைசா பிசகாமல் ஒத்துப்போகும். நட்டம் முழுவதும் வாங்குபவருக்கு. உடைமையாளரைக் காக்க வடிவமைத்த கண்காணிப்பின் பார்வையில் இது படாது.

தமிழ்நாட்டில் இதற்கு டாஸ்மாக்கைவிடப் பெரிய சான்று இல்லை. 1983இல் மதுவின் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனம், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் ஏற்றது. ‘பாட்டிலுக்குப் பத்து ரூபாய்’ என்பது அதன் வாடிக்கையாளர்களின் நெடுநாள் புகார். 2025 மார்ச்சில் நடத்திய சோதனைக்குப் பின், பாட்டிலுக்கு 10 முதல் 30 ரூபாய் வரை கூடுதலாக வசூலிக்கப்பட்டதாக அமலாக்கத் துறை குற்றஞ்சாட்டியது. அந்த விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் மே 22இல் இடைக்காலத் தடை விதித்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், கல்லாவில் நிற்பவருக்கு இந்தப் பத்து ரூபாயின் கதை புதிதல்ல.

இங்கே ஒரு பத்து ரூபாய் அல்ல, மூன்று இருக்கின்றன. 2024 பிப்ரவரி 1 முதல் சாதாரண, நடுத்தர ரகக் குவார்ட்டர் விலையில் அரசே பத்து ரூபாய் ஏற்றியது. அது சட்டப்படியான விலை. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் விலங்குகளைக் காயப்படுத்துவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் விளைவாக, 2022 மே மாதம் நீலகிரியில் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்து, பின்னர் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. அதில் வைப்புத்தொகையாகப் பத்து ரூபாய். பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். மூன்றாவது பத்துக்குப் பெயரும் இல்லை, ரசீதும் இல்லை. நூற்றைம்பது ரூபாயை நீட்டிவிட்டு அவசரமாக நகர்பவர் இந்த மூன்றையும் எப்படிப் பிரித்தறிவார்? வைப்புத்தொகைக்கான ஒட்டுவில்லை பாட்டிலில் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தால்தான் உண்டு. நல்ல நோக்கத்துடன் வந்த வைப்புத்தொகை, கள்ளப் பத்துக்கு மறைப்பாகவும் பயன்படக்கூடும்.

சட்டத்தில் குறையில்லை. 2009இன் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள், அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதையும் அதை அழித்துத் திருத்துவதையும் தடுக்கின்றன. ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறு அதிகபட்ச விலை அச்சிடுவது 2018 சனவரி முதல் நின்றது. ஓட்டலில் உட்காரவைத்துப் பரிமாறும் தண்ணீருக்குக் கூடுதல் விலை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது உண்மை. ஆனால் கையில் வாங்கிக்கொண்டு போகும் கடைக்கு அந்தச் சலுகை இல்லை.

பிறகு இந்தக் கூடுதல் வசூல் ஏன் நிற்கவில்லை? ஊழியர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லும் காரணம் உண்டு: தொகுப்பூதியம், உடைந்த பாட்டிலின் விலை, சரக்கிறக்கும் கூலி, கடையின் சில்லறைச் செலவு. இது முறைகேட்டை நியாயப்படுத்தாது. ஆனால் கணக்கில் இடமில்லாத செலவு வாடிக்கையாளரின் சட்டைப்பையில்தான் இடம் தேடும். இதைக் காணாமல் விற்பனையாளரை மட்டும் இடைநீக்கம் செய்தால், அவர் இடத்துக்கு வருபவரும் அதே உடைந்த பாட்டிலுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கணினி பில் முறை டாஸ்மாக்கிலும் வந்திருக்கிறது. ஆனால் இயந்திரம் வந்ததனால் மட்டும் விலை நேராகிவிடாது; இயந்திரத்தில் 140 பதிவாக, வாய் 150 கேட்கலாம். ரசீது வாங்குபவரின் கைக்குப் போய்ச் சேர்வதே முக்கியம். ரேஷன் கடை இதற்கு நல்ல பாடம். அட்டைதாரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகத் தொடங்கிய பின்னர்தான், வாங்காத சர்க்கரையை வாங்கியதாகப் பதிந்த செய்தி வந்ததாகப் புகார்கள் எழுந்தன. அங்கே மேலதிகாரிக்குத் தெரியாதது அட்டைதாரருக்குத் தெரிந்தது. யுபிஐ வழியே பணம் கட்டினால் டாஸ்மாக்கிலும் அதே வாய்ப்பு உண்டு: வங்கியில் 150, பில்லில் 140. வைப்புத்தொகையைப் பில்லில் தனி வரியாகக் காட்டி, இரண்டு தொகைகளையும் தினமும் ஒப்பிட்டால், மூன்றாவது பத்து தானே வெளியே வரும்.

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. குறைந்தபட்ச ஊதியத்தைப் பார்க்கும் பொறுப்பும் அதே துறையிடம்தான். அச்சிட்ட விலையைச் சோதிக்கக் கடைக்குள் நுழையும் ஆய்வாளர், உடைந்த பாட்டிலின் விலை யார் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்பதையும் அதே வருகையில் கேட்கலாம்.