சம்மனும் சட்டாம்பிள்ளையும் சாளுவன்குப்பமும்

செங்கல்பட்டு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் நான் அதிகம் எழுதிய சொல் எது என்று கேட்டால், 'சம்மன்' என்றுதான் சொல்வேன். அமீனா கொண்டுபோய்க் கொடுப்பார். ஆள் வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருவார். அதற்கும் வராதவர் எக்ஸ்பார்ட்டி. தீர்ப்பு அவர் இல்லாமலே வந்துவிடும். இந்தச் சொல்லுக்கு வேர் என்ன என்று சர்வீஸில் இருந்தவரை ஒருநாளும் நினைத்ததில்லை. ஓய்வு பெற்றபின் அகராதி புரட்டுவதே பொழுதுபோக்கு ஆகிவிட்டதால், போன மாதம் தேடிப் பார்த்தேன்.

வேர் லத்தீன். 'மொனேரே' என்று ஒரு வினைச்சொல். நினைவூட்டு, எச்சரி, புத்தி சொல்லு என்று மூன்று பொருளும் அந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கின்றன. முன்னால் 'சப்' சேர்த்தால், ஒருவர் காதோடு காதாக நினைவூட்டுவது என்று பொருள். அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சம்மன்ஸ்' ஆனது. காதோடு சொல்வதாகப் பிறந்த சொல், ஊரறியக் கதவில் ஒட்டும் காகிதத்தில் வந்து நிற்கிறது!

இதே வினையின் இன்னொரு பிள்ளை 'மானிட்டர்'. வகுப்பில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவானே, அவன்தான். நம் தாத்தாக்கள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான், வாத்தியாருக்குப் பதிலாகக் கண்டிக்கவும் செய்வான். 1787-ல் மதராஸுக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-லிருந்து எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை ஆசிரமத்தைக் கவனித்துவந்தார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். பெல் ஊர் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர் வந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறக்குறைய இதே முறையை நடத்தினார், யார் முதல் என்று இருவர் ஆதரவாளர்களுக்கும் ஓயாத சண்டை. பாடம் சொல்லும் பையன்களை லங்காஸ்டர் 'மானிட்டர்' என்றார், அந்தப் பெயரே நிலைத்தது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் மானிட்டராகத் திரும்பி வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் உண்டான பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் உடும்பையும் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஆங்கிலத்தில் மானிட்டர்தான். முதலை வருவதை அது முன்கூட்டியே எச்சரிக்கும் என்று ஐரோப்பியர் நம்பினார்களாம். அரபியில் உடும்புக்கு உள்ள பெயர், எச்சரிப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லைப் போல ஒலித்ததால் வந்த குழப்பம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். பாவம், உடும்புக்கு இதெல்லாம் தெரியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பிள்ளை, 'மானுமென்ட்'. நம் மாமல்லபுரத்தைச் சுற்றிலும் இந்தச் சொல்தான். 1904-ல் கர்சன் காலத்துச் சட்டம், பிறகு 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 1984-ல் யுனெஸ்கோ பட்டியல் எல்லாவற்றிலும் மானுமென்ட். 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதைத் தமிழில் 'நினைவுச்சின்னம்' என்றார்கள். நல்ல சொல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மொனேரேயின் ஒரு பாதிதான் அதில் வந்திருக்கிறது. நினைவூட்டல் வந்தது, எச்சரிக்கை விட்டுப்போயிற்று.

மற்ற ஊரில் இது வெறும் சொல்லாராய்ச்சி. நம் கரையில் அப்படி இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியபோது தண்ணீருக்கடியில் கிடந்த பாறைகளைப் பார்த்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அலை போனபின், வடக்கே புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில் மணல் அரித்து ஒரு பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயில் பற்றிய கல்வெட்டுகள். எங்கே அந்தக் கோயில் என்று 2005-ல் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மணலுக்கடியில் பல்லவர் காலத்துக் கோயில் இருந்தது, அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். கடல் அலை மோதி இடிந்திருக்க வேண்டும் என்று தோண்டியவர்கள் கருதினார்கள். ஓர் அலை மூடியதை இன்னோர் அலை திறந்து காட்டியிருக்கிறது.

ஜப்பானில் ஆனேயோஷி என்ற கடலோரச் சிற்றூரில், 1933 சுனாமிக்குப் பிறகு மேட்டில் ஒரு கல்லை நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எழுதிவைத்தார்கள். ஊரார் அதை மதித்தார்கள். 2011 அலை அந்தக் கல்லை எட்டாமலே நின்றது.

நம் பக்கம் நினைவுச்சின்னங்களின் முன்னால் நிற்கும் பலகை, மனிதனால் கல்லுக்கு வரும் ஆபத்தைத்தான் சொல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கம் வீடும் விடுதியுமாக நெருங்கிக்கொண்டே போவதை நீங்களும் பார்க்கிறீர்கள். சாளுவன்குப்பத்துச் சுப்பிரமணியர் கோயில் வாசலில் பெரிய எழுத்தில், 'இந்தக் கோயிலைக் கடல் மூடியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்' என ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தொல்லியல் துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம் வந்தது, ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டேன். லத்தீன் சமாச்சாரம் எதையும் அதில் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்தால் நல்லது, திங்களன்று தபாலில் சேர்த்துவிடுவேன்.