ஓடியவனும் அஞ்சியவனும்: ஒரு கிரேக்க வினைச்சொல்லின் வரலாறு

ஓமரின் இலியட் காவியத்துப் பதினோராம் காண்டத்திலே, கிரேக்கப் படைக்கு அரணாய் நின்ற அயாஸ் என்னும் வீரனிடத்தில் சேயுஸ் கடவுள் ‘போபொஸ்’ என்பதை எழுப்பினார் என்று கவி கூறுகின்றார். அயாஸ் ஏழு தோல் போர்த்த கேடயத்தை முதுகிலே சார்த்திக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தவாறு, அடிமேல் அடிவைத்துப் பின்வாங்குகின்றான். பிற்காலக் கிரேக்கம் மட்டுமே பயின்ற ஒருவன் இவ்விடத்தைப் படித்தால், ‘அயாசின் உள்ளத்தில் அச்சம் புகுந்தது’ என்றே பொருள் கொள்வான். மாவீரன் ஒரு சொல்லாலே கோழையாகிவிடுவான்!

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்திலே ஓமரின் பாடல்களை ஆராய்ந்த அரிஸ்தார்க்கஸ் என்னும் பேரறிஞர் இதற்கு ஒரு தெளிவு தந்தார். ஓமரிடத்தில் ‘போபொஸ்’ என்பது ஓட்டம், அதாவது புறங்கொடுத்தல். மனத்தில் நிகழும் அச்சத்துக்கு அக்கவி வழங்கும் சொல் ‘தெயொஸ்’ என்பதாம். புறங்கொடுத்தலைக் கண்ணாற் காணலாம். அச்சத்தைக் காணல் இயலாது. அயாஸ் மனமின்றியே பின்வாங்கினான் என்றும், கிரேக்கரின் கப்பல்களுக்கு என்ன நேருமோ என்று அஞ்சினான் என்றும் கவி சில அடிகள் கழித்துக் கூறுகின்றார். அங்கே அவர் ஆளும் வினை ‘தெயொஸ்’ என்பதன் இனத்தைச் சேர்ந்தது. இத்துணை நுட்பமாகச் சொல்லைத் தெரிந்து வைத்த கவியை மேலோட்டமாகப் படித்தல் தகாது.

இச்சொல்லின் வேர் ஓடுதலையே குறித்தது. இலித்துவேனிய மொழியிலும் உருசிய மொழியிலும் அவ்வேரிற் பிறந்த சொற்கள் இன்றும் ஓடுதலையே உணர்த்துகின்றன. ஓமர் காலத்தில் ‘போபெயோ’ என்றால் ‘துரத்துகிறேன்’. அதன் செயப்பாட்டு வடிவமான ‘போபெயோமாய்’ என்றால் ‘துரத்தப்பட்டு ஓடுகிறேன்’. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சிலோ முன்னது ‘அச்சுறுத்துகிறேன்’ என்றும், பின்னது ‘அஞ்சுகிறேன்’ என்றும் வழங்கின. காலின் தொழில் நெஞ்சின் தொழிலாயிற்று. செயப்பாட்டு வடிவம் மட்டும் மாறவில்லை.

மாணவரைப் பெரிதும் இடர்ப்படுத்துவது இவ்வினையை அடுத்துவரும் வாக்கியமே. ‘பகைவர் வருவரோ என்று அஞ்சுகிறேன்’ என்னுமிடத்தில் கிரேக்கர் ‘மே’ என்னும் விலக்குச் சொல்லை இடுவர். சொல்லுக்குச் சொல் கொண்டால் ‘அஞ்சுகிறேன், பகைவர் வாராதிருக்க’ என்றாகும். வரவுக்கு அஞ்சுபவன் வாராமையைக் கூறுவது எங்ஙனம்? ஆதியில் இவை இரண்டு வாக்கியங்களாக இருந்தன என்பது இலக்கண ஆசிரியர் விளக்கம். ‘அஞ்சுகிறேன்’ என்பது ஒன்று, ‘பகைவர் வாராதொழிக!’ என்னும் வேண்டுதல் மற்றொன்று. நாளடைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நண்பர் வாராமற் போவரோ என்று அஞ்சுபவன் ‘மே’ என்பதோடு ‘ஊ’ என்னும் எதிர்மறையையும் சேர்த்து ‘மே ஊ’ என்பான்.

அஞ்சப்படும் பொருளைக் கிரேக்கர் பொதுவாக இரண்டாம் வேற்றுமையில் வைத்தனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் எகிப்திலே எபிரேய மறைநூல்கள் கிரேக்கமாக்கப்பட்டபோது, எபிரேய நடையைப் பின்பற்றி, ‘இன்னதினின்றும் அஞ்சுதல்’ என்னும் வழக்கும் பெருகிற்று. இரு மொழிக்கும் இதில் உறவு ஏதுமில்லை. ஆயினும், அச்சச் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் உரியன என்று தொல்காப்பியத்திற் கற்ற தமிழ் மாணவனுக்கு இவ்விரு வழக்கும் புதுமையாகத் தோன்றா.