கடல் கடந்த இந்தியரும் தில்லியின் சொல்லாட்சியும்: மலாயாவை முன்வைத்து

முன்னுரை

அயலகத்தில் வாழ்வோரை ஓர் அரசு எச்சொல்லால் சுட்டுகிறது என்பது அவர்தம் உரிமையின் எல்லையையும் காட்டும். இந்தியத் தலைவர்கள் மலாயா இந்தியரைச் சுட்டிய முறை காலந்தோறும் மாறி வந்துள்ளதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

விடுதலைக்கு முன்

1936ஆம் ஆண்டின் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட்டு, 1937இல் அறிக்கை அளித்தார். தொழிலாளரின் கூலியும் வாழ்க்கை நிலையுமே அதன் மையப் பொருள். கூலிக் குறைப்பை முன்னிட்டு, உதவிபெற்று வரும் தொழிலாளரின் குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. இக்காலப் பேச்சில் மலாயா இந்தியர் தாய்நாட்டின் காவலுக்குரிய தொழிலாளரே ஆவர்.

விடுதலைக்குப் பின்

இந்தியா விடுதலை பெற்றதும் இந்நிலை மாறிற்று. அயலக இந்தியர் இந்தியக் குடிமக்களா அல்லரா என்னும் வினாவை நேரு 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எழுப்பினார். அல்லர் எனில், அவர்கள்பால் இந்தியாவின் அக்கறை பண்பாடும் மனிதநேயமும் சார்ந்ததாகுமேயன்றி அரசியல் சார்ந்ததாகாது என்பது அவர்தம் நிலைப்பாடு. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, அயலகத்திலிருந்தோர் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை பெற வழிசெய்தது. 9ஆம் பிரிவோ பிறநாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றோரை விலக்கிற்று. நேருவின் நிலைப்பாடு சிலருக்குக் கைவிடலாகத் தோன்றினும், வாழும் நாட்டையே தம் நாடாகக் கொள்ளத் தூண்டியது எனலாம்.

குடும்பம் என்னும் உருவகம்

2000இல் அமைக்கப்பட்ட எல்.எம். சிங்வி குழுவின் பரிந்துரைப்படி, 2003 ஜனவரி 9ஆம் நாள் முதல் பிரவாசி பாரதிய திவஸ் கொண்டாடப்பட்டது. 1915இல் காந்தியடிகள் தாயகம் திரும்பிய நாள் அது. மேடைகளில் ‘உலக இந்தியக் குடும்பம்’ என்னும் கருத்து முதன்மை பெற்றது. ஆயினும், 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் 16 நாடுகளை மட்டுமே பட்டியலிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகியன அதில் இருந்தன. தோட்டத் தொழிலாளர் சென்ற மலேசியா, பிஜி, மொரீசியஸ் ஆகியன இல்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வெல்லையை விரித்தது. அதன்வழிக் கிடைக்கும் அட்டையும் வாக்குரிமை தருவதன்று. இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை வழங்கிற்று. எனினும் அவர்கள் தம் தொகுதிக்கு நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும்.

முடிவுரை

‘பிரவாசி’ என்னும் ஒரே சொல், அயலகத்தில் வாழும் இந்தியக் குடிமகனையும், பிறநாட்டுக் குடிமகனாகிய இந்திய வம்சாவளியினரையும் ஒருசேரக் குறிக்கிறது. முன்னவர் தில்லி நாடாளுமன்றத்தில் பேராண்மை கோரலாம். மலேசியத் தமிழரின் பேராளர்கள் கோலாலம்பூரில் உள்ளனர். மலேசியாவோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே, இவ்வேறுபாட்டை மறைக்கும் அன்புரை, தலைமுறைகளாக இங்கு வாழ்வோரின் நாட்டுப்பற்றை ஐயுறுவோர்க்கு இடமளித்துவிடும். வரலாற்றைக் கற்பிப்போர் இவ்விரு சொற்களையும் பிரித்துணர்த்துவது இன்றியமையாததாகும்.