பாட்டி வீடு குற்றமான கதை

சமூகப்பணி படித்த நாமெல்லோரும் ஹோம் விசிட் போய் ரிப்போர்ட் எழுதியவர்கள்தாம். எத்தனை அறை, தண்ணீர் வசதி உண்டா, பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வரிசையாகக் குறித்திருப்போம். இதே மாதிரி ரிப்போர்ட்டுகளை வைத்து ஒரு இனத்தின் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன வரலாறு அமெரிக்காவில் உண்டு. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1958இல் அமெரிக்க அரசின் இந்தியர் விவகாரத் துறையும் அமெரிக்கக் குழந்தைகள் நல லீக்கும் சேர்ந்து ஒரு தத்துத் திட்டம் தொடங்கின. (இந்தியர் என்றால் நாமல்ல, செவ்விந்தியர் என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பழங்குடியினர்.) 1967 வரை 395 குழந்தைகள், பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளுக்குப் போனார்கள். எண்ணிக்கை சின்னதுதான். மாநிலத் துறைகளும் தனியார் ஏஜென்சிகளும் எடுத்துப் போனது அதைவிடப் பன்மடங்கு. 1969, 1974 ஆண்டுகளில் எடுத்த கணக்கின்படி, பழங்குடிக் குழந்தைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் குடும்பத்தைப் பிரிந்து வளர்ப்பு வீடு, தத்து வீடு, விடுதி என்று இருந்தார்கள்.

அடி உதை பட்ட பிள்ளைகளா? அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. ரிப்போர்ட்டில் இருந்த சொல் 'புறக்கணிப்பு'. அந்த மக்களிடையே ஒரு குழந்தைக்குப் பாட்டி, பெரியம்மா, மாமா என்று பல வீடு சொந்தம். தாய் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போனால் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நடுத்தர வர்க்க வெள்ளைக் குடும்பத்தையே அளவுகோலாகக் கொண்ட பணியாளருக்கோ அது கைவிடல். வீட்டுக்குள் குழாய் இல்லை, ஆள் நெருக்கம் என்பதும் குற்றமாயிற்று. (பாட்டி வீட்டுல வளர்ந்து பட்டம் வாங்கினவங்க நம்ம செட்டுலயே எத்தனை பேர்!) பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் பலர் இதைச் செய்தார்கள். எனக்கு அதுதான் பயமாயிருக்கு.

1968இல் வட டகோட்டாவின் டெவில்ஸ் லேக் சூ பழங்குடியினர் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1974இல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் செனட் விசாரணையில் சாட்சி சொன்னார்கள். 1978 நவம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் இந்தியக் குழந்தை நலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குடும்பம் பிரியாமலிருக்கத் தீவிர முயற்சி எடுத்ததைப் பணியாளர் கோர்ட்டில் காட்ட வேண்டும். பிள்ளையின் பழங்குடிக்குத் தகவல் தர வேண்டும். தத்து என்றால் முதலில் உறவினர், அடுத்து அதே பழங்குடியினர், பிறகு மற்றப் பழங்குடிக் குடும்பங்கள். பாட்டி வீடு பட்டியலின் தலைக்கு வந்துவிட்டது!

தத்துத் திட்டம் நடத்திய அதே லீக்கின் தலைவர் ஷே பில்ச்சிக் 2001இல் பழங்குடியினர் மாநாட்டில் நேரில் மன்னிப்புக் கேட்டார். சில வெள்ளைப் பெற்றோரும் டெக்சாஸ் மாநிலமும் சட்டத்தை எதிர்த்து வழக்காட, 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் 7க்கு 2 என்று சட்டத்தைக் காப்பாற்றியது. இது இனப் பாகுபாடு என்ற அவர்களுடைய வாதத்தை மட்டும், கேட்க உங்களுக்குத் தகுதியில்லை என்று சொல்லி, தீர்ப்பளிக்காமலே விட்டுவிட்டது.