முள்ளும் தாடையும்
சக்கரவுயிரிகளை இனங்கண்ட வரலாறு

குளத்து நீரில் வாழும் நுண்ணிய விலங்குகளுள் ரோட்டிபர் ஒன்று. அதன் தலையில் வட்டமாக அமைந்த நுண்மயிர்கள் ஓயாது அசையும்போது சக்கரம் சுழல்வதுபோலத் தோன்றும். ஆதலின் அதனைச் சக்கரவுயிரி எனலாம். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர் நீளமும் இல்லாதவை. ஆயினும் அவற்றில் ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன. உருவில் ஒத்த இனங்களை எதைக்கொண்டு பிரித்தறிவது? இவ்வினா அறிஞர்களை இரண்டரை நூற்றாண்டுக் காலம் அலைக்கழித்தது.

நன்னீரில் பரவலாகக் காணப்படும் ஓர் இனத்திற்கு 1766இல் பல்லாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பிராக்கியோனஸ் காலிசிபுளோரஸ் என்று பெயரிட்டார். அதன் உடலை ஓர் ஓடு மூடியிருக்கும். ஓட்டின் முன்விளிம்பில் நான்கு முட்கள் இருக்கும். 1851இல் ஆங்கில இயற்கையியலார் பிலிப் ஹென்றி காஸ் அதனோடு மிக நெருங்கிய வடிவம் ஒன்றைத் தனி இனமெனக் கொண்டு, டார்காஸ் என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் அச்சொல் மானைக் குறிக்கும். அதன் நடு முட்கள் கொம்புகள்போல் நீண்டிருந்தன.

காஸ் ஓட்டோடு நின்றுவிடவில்லை. சக்கரவுயிரியின் தொண்டையில் இரையை அரைக்கும் கடினமான தாடைகள் உள்ளன. உடலைக் காரநீரில் கரைத்தாலும் அவை கரையாமல் எஞ்சும். அவற்றின் உறுப்புகளைச் சுத்தியல் எனவும் பட்டடை எனவும் வகுத்துக் காஸ் எழுதிய கட்டுரை 1856இல் வெளிவந்தது. அரைக்கும் தாடை, இடுக்கிபோல் பற்றும் தாடை என அவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுவது புலனாயிற்று. தாடை இன்றும் வகைப்பாட்டின் உறுதியான சான்றாகும்.

முட்களோ நம்பிக்கைக்குரியனவாகத் தோன்றவில்லை. ஒரே இனத்தில் முள் நீண்டதும் குறுகியதும் பின்முள் அற்றதும் கலந்து காணப்பட்டன. எனவே பிற்காலத்தார் டார்காஸைத் தனி இனமென ஏலாது, காலிசிபுளோரஸின் ஒரு வடிவமாகத் தாழ்த்தினர். 1952இல் பிரெஞ்சு அறிஞர் டி போஷாம் வியப்பான ஓர் உண்மையைக் கண்டார். அஸ்பிளாங்க்னா என்னும் ஊனுண்ணிச் சக்கரவுயிரி வாழ்ந்த நீரில், முள்ளற்ற தாயின் முட்டையிலிருந்தும் நீண்ட பின்முட்களுடைய குஞ்சுகள் தோன்றின. 1966இல் கில்பர்ட் என்னும் அமெரிக்கர் இதனை ஆய்வுகளால் நிறுவினார். பகைவனின் விழுங்கலுக்குத் தப்ப எழுந்த முள் அது, இனத்தின் அடையாளமன்று.

எனினும் மிக நெருங்கிய இனங்களிடையே தாடையும் பெரிதும் ஒத்திருப்பதால் சிக்கல் முற்றும் தீரவில்லை. பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டபோது, காலிசிபுளோரஸ் என ஒரே பெயரால் அழைக்கப்பட்டவற்றுள் பல இனங்கள் மறைந்திருந்தமை தெரிந்தது. மரபணு காட்டிய பிரிவுகளை முதலில் வைத்துக்கொண்டு, அறிஞர்கள் மீண்டும் உடலைப் பலவாறு அளந்து ஒப்புநோக்கினர். 2018இல் அவற்றை நான்கு இனங்களாக வரையறுத்தனர். அந்நான்கனுள் ஒன்றின் பெயர் டார்காஸ். காஸ் 1888இல் மறைந்து 130 ஆண்டுகளுக்குப் பின் அவர் இட்ட பெயர் தன் நிலையை மீண்டும் பெற்றது.

ஓர் உறுப்பை மட்டும் கண்டு இனத்தைத் துணிதல் பிழை. அது மாறுகிறது என்பதற்காக அதனை முற்றும் தள்ளுதலும் பிழை. எது சூழலால் மாறுவது, எது பிறப்பால் வருவது என்று ஆராய்ந்து பிரித்தலே இனங்காணும் கலையின் உயிர்நிலை.